எஸ்டீமுக்கு லாங் டியூப் ஹெடரா, ஷார்ட்டியா? ஏழு வருடம் மாற்றி மாற்றி ஓட்டிய அனுபவம்

என் வண்டி 2004 மாடல் மாருதி எஸ்டீம், 1298 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. பதிவு கே.எல்-09, பாலக்காடு. வீடு கொழிஞ்சாம்பாறை. வீட்டுப் பேச்சு தமிழ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் மலையாளத்தில், ஸ்பேர் பார்ட்ஸ் கோயம்புத்தூரில். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். வேலந்தாவளம் வழியாக கோவைக்கு வாரத்தில் மூன்று நாள், மாதம் ஒரு தரம் நெல்லியாம்பதி மலை, வருடத்தில் ஓரிரு முறை செட்டிபாளையத்தில் உள்ள ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வே. வண்டியின் பிழைப்பு அவ்வளவுதான்.

ஹெடர் என்பது, இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் குழாய்த் தொகுப்பு. குழாய் நீளமாக இருந்தால் லாங் டியூப், குட்டையாக இருந்தால் ஷார்ட்டி. 2017 கடைசியில் லாங் டியூப் போட்டேன். 2019-இல் அதைக் கழற்றி ஷார்ட்டி. இரண்டிலும் சேர்த்து ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியாகிவிட்டது.

முதலில் லாங் டியூப். கம்பெனி மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. நான்கு சிலிண்டரின் புகையும் சட்டென்று ஒரே வாயில் வந்து முட்டும். லாங் டியூபில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய், என்னுடையதில் ஏறக்குறைய முப்பத்திரண்டு அங்குலம். இந்த இன்ஜின் எரியும் வரிசை 1-3-4-2. அதனால் ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடியாக, இரண்டையும் மூன்றையும் இன்னொரு ஜோடியாகச் சேர்த்து, கடைசியில் ஒன்றாக்கும் 4-2-1 அமைப்பு. ஒரு சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்த அலை குழாய்கள் கூடும் இடத்தில் விரிந்து, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போகும். குழாய் நீளமானால் அலை திரும்ப நேரமாகும். ஆகவே குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, பலன் கிடைக்கும். ஷார்ட்டியில் அலை சீக்கிரம் திரும்பிவிடும். பலன் மேலே, நாம் தினமும் போகாத இடத்தில்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை, ரோட்டிலேயே தெரிந்தது. போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி ஏறும்போது, முன்பெல்லாம் வளைவு முடிந்ததும் மூன்றாவது கியரில் திணறும். இரண்டுக்கு இறங்கியே ஆகவேண்டும். லாங் டியூப் போட்ட பிறகு, நாலு பேர் உட்கார்ந்திருந்தும் மூன்றிலேயே மூச்சு பிடித்து ஏறியது. 2500-க்கும் 4500-க்கும் நடுவில் இருந்த இழுவையை இன்றைக்கு நினைத்தாலும் ஆசையாக இருக்கிறது. அமெரிக்க வி-8 வண்டிகளுக்குச் சொல்லும் குதிரைத்திறன் கணக்கை நம் 1.3 லிட்டருக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. எண்ணிக்கையில் கூடியது சொற்பம்தான். ஆனால் கூடியது சரியான இடத்தில்.

சத்தமும் கூடியது. வாய்க்கால் பாலம் தாண்டும்போதே அம்மா சோறு போட ஆரம்பித்துவிடுவார்.

இனி தொல்லைகள். எஸ்டீமில் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம். நான்கு குழாயும் அங்கிருந்து இறங்கி, இன்ஜினுக்கு அடியில் புகுந்து பின்னால் போகவேண்டும். பட்டறைக்காரர் வண்டியை ஏற்றிப் பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, வயித்துல இடிக்குமுங்க. மூணு பேரு ஏறுனா ஹம்ப்புல பார்த்துத்தான் இறக்கோணும்." நான் கேட்கவில்லை. ஐந்தாவது மாதம், வேலந்தாவளம் ரோட்டில் பெயின்ட் அடிக்காத ஒரு ஹம்ப். இரவு, வண்டியில் நாலு பேர். 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அடி பட்டது குழாய்கள் கூடும் இடத்து ஃபிளாஞ்சில், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் தட்டில். லேசாகக் கோணியிருந்தது, கண்ணுக்கே தெரியவில்லை. பேக்கிங் விட்டுவிட்டது. அதற்கப்புறம் மைலேஜ் பதினான்கிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. காரணம் புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. கசிவு, புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால், புகை வெளியே போவதோடு நிற்காது. துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, 'பெட்ரோல் போதவில்லை' என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்குச் சொல்லும். அதுவும் நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கும். இடையில் ஒரு சர்வீஸ் சென்டரில் இன்ஜெக்டர் க்ளீனிங், பிளக், ஏர் ஃபில்டர் என்று வரிசையாக மாற்றிப் பில் போட்டார்கள். அடியில் குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது சோப்புத் தண்ணீர். குளிர்ந்த இன்ஜினில், வால் குழாயைத் துணியால் பொத்தி, ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஃபிளாஞ்சில் சோப்புத் தண்ணீர் விட்டேன். நுரை கொப்பளித்தது.

சூடு இன்னொரு பாடு. ரேடியேட்டர் ஃபேன் ஒயரின் உறை இளகிவிட்டது. அதற்காக ஹெடருக்குச் சூடு தாங்கும் துணி சுற்றினேன். இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். மைல்ட் ஸ்டீல் குழாய்க்குத் துணி சுற்றினால் மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஜூனில் ஆரம்பிக்கிற மழைக்கு, இரண்டாவது வருடம் அவிழ்த்துப் பார்த்தபோது துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. காசு இருந்தால் செராமிக் கோட்டிங், இல்லையென்றால் வெறும் குழாயும் ஒரு தகடும் போதும்.

பொல்யூஷன் சர்டிஃபிகேட்டும் பாடு படுத்தியது. லாங் டியூபில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஒன்றரை அடி பின்னால் போய்விடுகிறது. அது ஏறக்குறைய 250, 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். வீட்டிலிருந்து நேரே போனால் ஃபெயில், சித்தூர் வரை ஓட்டிவிட்டுப் போனால் பாஸ்.

அப்புறம் 2019. வண்டியில் மாற்றம் செய்வது பற்றி கேரளாவிலிருந்து போன வழக்கில்தான், அந்த ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று சொன்னது. எனக்கு அந்த வருடம்தான் பதினைந்து வருடப் பதிவு முடிந்து புதுப்பிக்க வேண்டும். பரணிலிருந்து பழைய வார்ப்பிரும்பை இறக்கி மாட்டி, புதுப்பித்துவிட்டு வந்தேன். சட்டத்தின் கண்ணில் லாங் டியூபும் ஷார்ட்டியும் ஒன்றுதான். ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதைப் போட நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். தெரிந்தும் நான் ஷார்ட்டி போட்டேன், அது என் புத்தி.

ஷார்ட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆர்கான் வெல்டிங், லாங் டியூபில் பாதிச் செலவு. கன்வர்ட்டர் பழைய இடத்தில், சென்சார் பழைய இடத்தில். வயிற்றில் எதுவும் இடிக்கவில்லை, அம்மாவுக்கும் வண்டி வருவது தெரியவில்லை. ஒரே ஒரு கோளாறு: இரண்டாம் வருடம் ஃபிளாஞ்ச் ஓரத்தில் விரிசல். 304 சூட்டில் மைல்ட் ஸ்டீலைவிட நிறையவே விரியும். குறுக்கே உட்கார்ந்த இன்ஜின் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடும். நடுவில் வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் முழுவதும் வெல்டிங்கில்தான் விழும். ஃபிளெக்ஸ் வைத்த பிறகு பிரச்சினை இல்லை.

பிக்கப்? ஐயாயிரத்துக்கு மேல் கொஞ்சம் தாராளமாகச் சுற்றியது. கரி டிராக்கில் நீண்ட நேர்ப்பாட்டையில் அது தெரிந்தது. கோவை ரோட்டில் லாரிக்குப் பின்னால் போகும்போது தெரியவில்லை. மலையில் மறுபடி இரண்டாவது கியர்.

2024-இல் அடுத்த புதுப்பிப்பு வந்தது. மறுபடி வார்ப்பிரும்பை மாட்டினேன். வந்ததும் கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் ஓட்டினேன், ஒரு மாதம் ஓட்டினேன். ஷார்ட்டி இல்லை என்பதே மறந்துவிட்டது. ஐந்து வருடம் காசு கொடுத்து மாட்டிவைத்திருந்த சாமான் இல்லாமல்போனதே தெரியவில்லை என்றால், அதைப் பற்றி வேறென்ன சொல்ல? டிராக்குக்கு மட்டும் ஒரு வண்டி வைத்திருப்பவர் கேட்டால் லாங் டியூப் என்பேன், யோசிக்கவே மாட்டேன். தினமும் ஓட்டுகிறவர் 'நடுவில் ஒன்று' என்று ஷார்ட்டியைக் கேட்டால், அந்தக் காசுக்கு டயர் மாற்றச் சொல்வேன்.

லாங் டியூபை செட்டிபாளையத்தில் ஓட்டும் ஒரு தம்பி வெல்டிங் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிப் போனான். ஷார்ட்டி தோப்பு மோட்டார் ரூமில் தொங்குகிறது. போன மாதம் நெல்லியாம்பதி ஏறினேன், நாலாவது வளைவிலேயே இரண்டாவது கியர்.