பழுதான மெமரி கார்டிலிருந்து படங்களை மீட்டல்: ஃபோட்டோரெக், டிடிரெஸ்க்யூ மென்பொருள்களுடன் ஆறு ஆண்டுகள்

கேமராவின் திரையில் ‘கார்டைப் படிக்க இயலவில்லை, ஃபார்மட் செய்யவும்’ என்ற அறிவிப்பை முதன்முதலாகக் கண்ட நாளில், அந்த 32 ஜிபி மெமரி கார்டில் என் தாத்தா கைப்பட எழுதிய குறிப்பேட்டின் 212 பக்கங்கள் படங்களாக இருந்தன. ஈரத்தில் ஊறிக் காய்ந்த அந்த ஏட்டைப் புரட்டும்போதே தாள்கள் நொறுங்கிவிட்டதால், இன்னொரு முறை படமெடுக்க வழியே இல்லை. அன்று தேடிக் கண்டுபிடித்த ஃபோட்டோரெக், டிடிரெஸ்க்யூ என்னும் இரு கட்டற்ற மென்பொருள்களை, என்னுடையவையும் நண்பர்களுடையவையுமாக இதுவரை ஏழு கார்டுகளில் பயன்படுத்தியிருக்கிறேன். ஐந்தில் படங்கள் அனைத்தும் கிடைத்தன. ஒன்றில் சில குறைந்தன. ஒன்றில் எதுவுமே கிடைக்கவில்லை.

பழுதான கார்டில் நேரடியாகப் படங்களைத் தேடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டின் முழு நகலையும் ஒரே கோப்பாகக் கணினியில் எடுத்துக்கொண்டு, தேடலை அந்த நகலில்தான் நடத்த வேண்டும். நலிந்த கார்டு இன்று படிக்கத் தருவதை நாளை தராமல் போகலாம். நகலெடுக்கும் இவ்வேலைக்கு உரியது டிடிரெஸ்க்யூ. எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்து முடித்த பிறகே பழுதான இடங்களுக்கு அது திரும்பி வருகிறது. எதுவரை முடிந்தது என்பதைத் தனியே ஒரு மேப் கோப்பிலும் எழுதி வைக்கிறது. என் கார்டு ரீடரில் சூடாகிச் சூடாகி இணைப்பை இழந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அதை ஆறவைத்துச் செருகி, சாதனத்தின் பெயர் மாறியிருக்கிறதா என்று சரிபார்த்து, அதே மேப் கோப்புடன் கட்டளையைக் கொடுத்தபோது, விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது. இரண்டு இரவுகள் ஆயின. அந்த மேப் கோப்பு இல்லையென்றால் அந்தப் பக்கங்கள் எனக்குக் கிடைத்திருக்காது.

நகல் கையில் வந்த பிறகு ஃபோட்டோரெக்கின் வேலை தொடங்குகிறது. கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் எழுதப்பட்ட அட்டவணை சிதைந்துபோனாலும், படத்தின் தரவு பெரும்பாலும் அதே இடத்தில்தான் கிடக்கும். ஃபோட்டோரெக் அந்த அட்டவணையை நம்பியிராமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தைக் கொண்டு தரவைத் தேடுகிறது. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 என்ற இரு பைட்டுகளில் தொடங்கும். புகைப்படங்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாகவே எழுதப்படுவதால் இம்முறை அவற்றுக்கு நன்றாகப் பொருந்துகிறது. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட நீண்ட வீடியோக்களுக்கு இது போதவில்லை. நண்பர் ஒருவரின் கார்டில் மீட்ட வீடியோக்களில் பாதி திறக்கவே இல்லை.

இம்முறையின் உண்மையான குறை, பழைய கோப்புப் பெயர்கள் திரும்பி வராததுதான். மீண்ட பக்கங்கள் எல்லாம் புரியாத எண்களைப் பெயராகக் கொண்டு வந்து குவிந்தபோது எனக்குப் பெரும் கலக்கமாகிவிட்டது, ஏனெனில் தாத்தா பக்கங்களுக்கு எண் இடும் வழக்கம் இல்லாதவர். எனினும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலில் எடுத்த நேரம் நொடி வரை இருந்ததால், எக்ஸிஃப்டூல் என்னும் மென்பொருளைக் கொண்டு அந்த நேரத்தையே பெயராக மாற்றி, பக்கங்களைப் பழைய வரிசையில் அடுக்க முடிந்தது. கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது எவ்வளவு பயன் தரும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கணினி தானாக முன்வந்து ‘பிழைகளைச் சரிசெய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கார்டின் மீதே எழுதுகிற செயல். நண்பர் ஒருவர் நகலெடுப்பதற்கு முன் அதற்குச் சம்மதித்ததால், பெயரற்ற துண்டுக் கோப்புகள் உருவாகி வேலை இரட்டிப்பானது. வேறொரு ரீடரில் செருகிப் பார்ப்பதில் தீங்கில்லை. ஏழில் ஒன்றில் பழுது ரீடரில்தான் இருந்தது.

எதுவுமே கிடைக்காத கார்டைக் கணினி அடையாளமே காணவில்லை. கார்டின் உள்ளிருந்து தரவைப் படிப்பதையும் எழுதுவதையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலர் என்னும் சில்லு செயலிழந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை அணுக முடியாது. நினைவகச் சில்லை நேரடியாகப் படிக்கும் ஆய்வகங்களால் மட்டுமே அதன் பிறகு முயல முடியும். உரிமையாளர் அந்தக் கார்டை அதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

தாத்தாவின் குறிப்பேட்டில் 209 பக்கங்கள் முழுமையாக வந்தன. சிதைந்த கோப்புகளையும் விடாமல் வைத்துக்கொள்ளும் தேர்வை ஃபோட்டோரெக்கில் இயக்கிய பிறகு, இன்னும் இரண்டு பக்கங்கள் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வந்து சேர்ந்தன. எஞ்சிய ஒன்றில், ஜேபெக் கோப்புக்குள் பொதிந்திருந்த சிறுபடம் மட்டுமே மிஞ்சியது. அதில் எழுத்துகளைப் படிக்க முடியாது. பக்கத்தில் பதினொரு வரிகள் இருந்தன என்பதும், இடப்புற ஓரத்தில் அவர் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்திருந்தார் என்பதும் தெரிகின்றன.