புது நக்கிள் என்று பில், வண்டியில் பழைய நக்கிள்: இறுகிப்போன போல்ட்டோடு ஒர்க்‌ஷாப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டிலேயே கார் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள், எதற்கும் அசையாத ஒரு போல்ட்டின் முன்னால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருப்போம். அப்படி விட்ட இடத்தில் எனக்கு என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. வெறும் பணத்தோடு போயிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். சக்கரத்தையும் பிரேக்கையும் தாங்கும் நக்கிள் என்கிற இரும்புப் பாகத்தில் கை வைத்துக் கெடுத்துவிட்டு, மேலே பெயின்ட் அடித்து மறைத்துக் கொடுத்தார்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. சென்னை ஓஎம்ஆர் பக்கம், கண்ணாடி முகப்பு, ஏசி வெயிட்டிங் ரூம், காபி மெஷின் எல்லாம் வைத்து எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட். பள்ளிக்கரணையில் வீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சக்கரம் பாதி முங்குகிற அளவுக்குத் தெருத் தண்ணீரில் நின்ற வண்டி அது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடிப்பக்கத்து போல்ட் எல்லாம் அதற்கப்புறம் ஒழுங்காகக் கழன்றதே இல்லை. இரும்பு துருவாகும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைக்கும். மரைக்குள் அப்படி உப்பினால் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று ஆப்பு வைத்துப் பிடித்துக்கொள்ளும்.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கியதால் முன்பக்க டிஸ்க் இரண்டையும் மாற்ற முடிவு செய்தேன். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைத் தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டு (பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடக் கூடாது), பின்னால் அதன் பிராக்கெட்டை நக்கிளோடு பிடித்திருக்கும் இரண்டு 17 சைஸ் ஸ்பானர் போல்ட்டைக் கழற்றினால் டிஸ்க் வந்துவிடும். சக்கரம் பூட்டுகிற ஹப்போடு டிஸ்க் ஒட்டிக்கொண்டால் அதன் முகத்திலேயே மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டை இருக்கும். 8 எம்எம் போல்ட் இரண்டை அதில் மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாகவே வெளியே தள்ளும். இது தெரியாமல் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரி, வலப்பக்கம் சுலபமாக முடிந்தது. இடப்பக்கம் மேல் போல்ட் வந்தது, கீழ் போல்ட் வரவில்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். வயர் பிரஷ் போட்டு மண், துரு எடுத்து, பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. ஆறு முனை சாக்கெட் மட்டும்தான் போட்டேன். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையின் மூலையை மட்டும் பிடிக்கும், இறுக்கமான போல்ட்டில் அது வழுக்கினால் மூலையைச் சீவிவிடும். நீளக் கம்பி போட்டுக் கொஞ்சம் இறுக்கும் பக்கம், கொஞ்சம் தளர்த்தும் பக்கம் என்று மாற்றி மாற்றி அழுத்தினேன். ஒரு கட்டத்தில் கைக்கு ஒரு மாதிரி தெரிந்தது. துரு விடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். இது சத்தமே இல்லாமல் சவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டது. போல்ட் சுற்றவில்லை, முறுகுகிறது என்று அர்த்தம். அடுத்து ஒடியும். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இன்னும் ஒன்று செய்திருந்தேன். அடம்பிடிக்கிற போல்ட் என்றால், தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு விலகினால் போல்ட் அசைகிறது என்று தெரியும். அதை போனில் படமும் எடுத்து வைத்தேன். போல்ட் தலை ஆறு மூலையும் கூர்மையாக இருப்பது அந்தப் படத்தில் பளிச்சென்று தெரியும்.

இனி சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும். என்னிடம் கேஸ் டார்ச் இல்லை. பிரேக் ஹோஸ், பால் ஜாயிண்ட் ரப்பர் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலையும் இல்லை. பழைய டிஸ்கோடேயே திரும்பப் பூட்டி, ஒர்க்‌ஷாப்புக்கு மெதுவாக ஓட்டிப் போனேன்.

சர்வீஸ் அட்வைசர் பையன் டேப்லெட்டும் கையுமாக வந்தான். இடப்பக்கக் கீழ் போல்ட் இறுகியிருக்கிறது, தலை நன்றாக இருக்கிறது, கேஸ் வைத்து எடுங்கள், ஏர் கன் (காற்றழுத்தத்தில் முறுக்கும் கருவி) போடாதீர்கள் என்று சொன்னேன். இதை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன்.

“அதெல்லாம் எங்க டெக்னீஷியன் பாத்துப்பாரு சார். நீங்க போய் ஏசியில உக்காருங்க.”

ஜாப் கார்டில் ‘பிரேக் ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் இருந்தது. உள்ளே வந்து பார்க்கிறேன் என்றதற்கு, இன்சூரன்ஸ் ரூல், கஸ்டமர் உள்ளே வரக் கூடாது என்றான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயந்திரம் போன். “சார், நீங்க வீட்லயே ட்ரை பண்ணி போல்ட் தலைய ரவுண்ட் பண்ணிட்டீங்க. எடுக்கறப்போ ஒடிஞ்சிருச்சு. நக்கிளே போயிருச்சு சார், புதுசு போடணும். பேரிங்கும் சேத்துத்தான் மாத்தணும்.”

இதுதான் இவர்கள் வழக்கமாக எடுக்கிற ஆயுதம். சொந்தமாக வேலை பார்க்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால், அவர்கள் உடைத்ததெல்லாம் நாம் உடைத்ததாகிவிடும். படம் இருக்கிறது என்று சொன்னதும் குரல் மாறியது, “அது உள்ள மரை போயிருந்துச்சு சார்” என்றான். வண்டி லிஃப்ட்டில் பிரேக் இல்லாமல் தொங்குகிறது. போடுங்கள், பழைய நக்கிளை எனக்குத் தர வேண்டும் என்று சொன்னேன்.

பில் 11,600 ரூபாய். நக்கிள், பேரிங், லேபர், அப்புறம் ‘ரஸ்ட் ட்ரீட்மென்ட்’ என்று 850, ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று 400. மேலே ‘எஸ்டிமேட்’ என்று போட்டிருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை, பாகங்களுக்குப் பார்ட் நம்பர் இல்லை. பழைய நக்கிள் எங்கே என்றால், “ஸ்கிராப்காரர் மத்தியானமே எடுத்துட்டுப் போயிட்டாரு சார்.” ஜிஎஸ்டி பில் கேட்டு நின்றதில் முக்கால் மணி நேரம் கழித்து ஒன்று வந்தது. அதை வாங்காமல் வந்திருந்தால் இன்றைக்குப் புகாருக்குக் கையில் காகிதமே இருந்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். நக்கிள் புதுக் கறுப்பில் மின்னியது. சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் நட் மட்டும் பழைய துருவோடு அப்படியே இருந்தது. இந்த வண்டியில் அந்த நட்டை முறுக்கியபின் அதன் விளிம்பை ஷாஃப்ட்டில் இருக்கும் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள், தானாகக் கழலாமல் இருக்க. நக்கிளை வண்டியிலிருந்து எடுக்க வேண்டுமானால் அந்த மடிப்பை நிமிர்த்தி நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மடிப்பு அசையவே இல்லை, பள்ளத்துக்குள் பழைய மண்கூட இருந்தது. சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டிலும் ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை.

துணியில் தின்னர் நனைத்து, கீழ் போல்ட் பக்கத்தில் தேய்த்தேன். கறுப்பு கரைந்து வந்தது. அடியில் என் மஞ்சள் கோட்டின் பாதி. மறுபாதி போன போல்ட்டோடு போய்விட்டது. அந்த இடத்தில் இருந்த போல்ட் 17 சைஸ் இல்லை, 19. பழைய நக்கிளில் ஒடிந்த துண்டை டிரில் போட்டு எடுத்து, ஓட்டையைப் பெரிதாக்கி, மரை வெட்டும் டேப் விட்டுப் பெரிய போல்ட் முறுக்கி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பேரிங்கும் மாற்றவில்லை, நக்கிளே கழலாதபோது எப்படி மாற்றுவது?

வண்டியை அதற்குமேல் நகர்த்தவில்லை. ஸ்டாண்டு போட்டு நிறுத்தி (ஹாலோபிளாக் கல்லை மட்டும் வைத்துவிடாதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும்), நக்கிளைக் கழற்றி, பைக்கில் கிண்டி தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருக்கும் அண்ணன் போல்ட்டைக் கையாலேயே கழற்றினார். முதல் சுற்று தளர்ந்ததுமே மீதி விரலில் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஓட்டை சாய்ந்து ஓடியிருந்தது. ஒரு பக்கம் மரை ஆழமாக இருக்கிறது, எதிர்ப்பக்கம் வெறும் கீறல்.

“நடுவுல பஞ்ச் அடிச்சுக் குழி போடாம டிரில்ல விட்டிருக்கான் தம்பி. துரு தின்ன போல்ட்ல முனை நேரா நிக்காது, மெத்துன்னு இருக்கற பக்கம் ஓடும். இதுல நான் கை வைக்க மாட்டேன், பிரேக்கே இதுலதான் நிக்குது. புதுசு வாங்கிட்டு வா.”

ஜி.பி. ரோட்டில் லேபிளோடு புது நக்கிள் வாங்கினேன். ஒர்க்‌ஷாப் பில்லில் போட்ட விலையில் பாதிகூட இல்லை. பேரிங்கை அவரே பிரஸ்ஸில் ஏற்றித் தந்தார். டிரைவ் ஷாஃப்ட் நட்டும் புதிதுதான் போட வேண்டும், மடித்ததைத் திரும்பப் போடக் கூடாது.

சரியாகச் செய்திருந்தால் அந்த போல்ட் எப்படி வந்திருக்கும் என்றும் கேட்டேன். போல்ட்டைச் சூடாக்கக் கூடாது, அதைச் சுற்றியிருக்கும் இரும்பைச் சூடாக்க வேண்டும் என்றார். கணக்கும் ஒத்துவருகிறது: 12 எம்எம் ஓட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.03 எம்எம் விரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் துருவின் பிடி விடுவதற்கும் எண்ணெய் உள்ளே போவதற்கும் அது போதும். ஹோஸைக் கழற்றி ஒதுக்கி, ரப்பர் பக்கம் ஈரத்துணி சுற்றி, சூடாக்கி, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கிப் பொறுமையாக எடுப்பாராம். அப்படியும் தலை ஒடிந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தால், அந்தச் சூட்டிலேயே பாதி வேலை முடிந்து ஸ்பானருக்கு வந்துவிடும். ஒடிந்த துண்டுக்குள் இறக்கித் திருகி எடுக்கிற ஈசி அவுட்டை இவர் கிட்டவே சேர்ப்பதில்லை. கடினமான உருக்கு அது, உள்ளேயே ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் அதில் இறங்காது.

சூடு காட்டப் போகிறவர்களுக்கு ஒன்று: முன்னால் பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்திருந்தால் அந்தப் பக்கம் நெருப்பே கொண்டுபோகாதீர்கள். குளோரின் சேர்ந்த வகை என்றால் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்கிற விஷவாயு வரும், நுரையீரலைக் கெடுக்கும். அசிட்டோனும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, அது பெட்ரோல் போலப் பற்றும்.

ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன் போல்ட் தலையைப் படம் எடுங்கள், நக்கிள் மாதிரிப் பெரிய பாகங்களில் மறைவான இடத்தில் ஒரு கோடாவது போட்டு வையுங்கள். எப்படிக் கழற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ‘பாத்துப்பாங்க’ என்பதைத் தவிர வேறு பதில் வராத கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் குறையை அவர்கள் ஜாப் கார்டில் எழுத மறுத்தால் நீங்களே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியும் நேரமும் அதில் நின்றுவிடும். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். வண்டியை எடுக்கும்போது சக்கரத்தை ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லலாம், அதில் சங்கடம் ஒன்றுமில்லை. திரும்பப் பூட்டும்போது ஏர் கன்னால் இறுக்கி முடிக்காமல் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். இன்றைக்குக் கன் போட்டு இறுக்கிய வீல் நட்டைத்தான் நாளைக்குப் பஞ்சர் ஆனால் ரோட்டோரத்தில் ஏறி மிதித்துக்கொண்டிருப்போம்.

ஏமாந்தவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், காசு கிடையாது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டீஸ் போன மூன்றாம் நாள் மேனேஜரே கூப்பிட்டார். நக்கிள், பேரிங் காசைத் திருப்பித் தருகிறோம், லேபர் செய்தது செய்ததுதானே, இத்தோடு முடித்துக்கொள்வோம் சார் என்றார். மாற்றாத பாகத்துக்கு பில் போட்டோம் என்று கடை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்கப்புறம் போன் இல்லை. சாய்ந்த ஓட்டையோடு அந்த நக்கிளைக் கோணியில் சுற்றி வைத்திருக்கிறேன், விசாரணைக்குக் கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என் மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால், கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.