கம்பெனியிலிருந்து கல்லூரிக்கு: விமானப் பொறியாளர் முன் மூன்று வழிகள்

பெங்களூரில் பத்துப் பதினைந்து ஆண்டு ஸ்ட்ரெஸ் அனாலிசிஸோ (பாகம் பளுவைத் தாங்குமா என்ற கணக்கு) சி.எஃப்.டி.யோ (காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது) பார்த்தவர்களில் பலருக்கு, பாடம் நடத்தப் போகலாமா என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் வருகிறது. உடனே சம்பளக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால், வேலையில் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

கம்பெனியில் கேள்வி வாடிக்கையாளருடையது. இறக்கையை உடலோடு பிணைக்கும் லக் (துளையுள்ள உலோகக் காது) ஒன்றைச் சரிபார்க்கிறோம். பயன்பாட்டில் எதிர்பார்க்கும் அதிகபட்சப் பளுவான லிமிட் லோடை 1.5-ஆல் பெருக்கிப் பார்த்து, மார்ஜின் (அதற்கு மேல் மிஞ்சும் வலிமை) பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவில்லையென்றால் அறிக்கையில் கையெழுத்து. அப்புறம் அடுத்த பாகம். வகுப்பிலோ மூன்றாம் ஆண்டு மாணவி எழுந்து, “ஏன் சார் 1.5? 2 வைத்தால் என்ன?” என்பாள். எடை கூடும் என்று தொடங்கி, உலோகத்தின் வலிமை துண்டுக்குத் துண்டு மாறுவது, எதிர்பாராத பளு என்று போனால் ஒரு பீரியட் போதாது. அந்தக் கேள்வியால் யாருக்கு உற்சாகம் வருகிறதோ, அவர் தாராளமாக இந்தப் பக்கம் வரலாம்.

வருவதற்கு மூன்று வழி உண்டு. ஆராய்ச்சிதான் குறி என்றால் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. போன்ற இடங்கள்தான் சரி. பிஎச்.டி. கட்டாயம், ஆனால் ஐ.ஐ.டி. கேட்கும் மூன்றாண்டு அனுபவத்தில் தொழில்துறை ஆண்டுகளும் சேரும். உதவிப் பேராசிரியர் முதல் நிலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய். இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டத்துக்கும் டி.ஆர்.டி.ஓ.வின் வானூர்தி ஆராய்ச்சி வாரியத்துக்கும் விண்ணப்பித்து நிதி வாங்க வேண்டும். அது வரும்வரை பொறுமை வேண்டும். வந்தபின் கேள்வி உங்களுடையது.

தனியார் பொறியியல் கல்லூரியில் நிலைமை வேறு. வகுப்புச் சுமை அதிகம். அங்கீகாரத்துக்கான கோப்பு வேலை அதற்கு மேல். ஆராய்ச்சிக்கு மாலையும் விடுமுறையும்தான் மிஞ்சும். ஆனால் உண்மையான விமானப் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்த ஆசிரியர் ஒருவர்கூட இல்லாமல் பட்டம் வாங்கிப் போகும் பிள்ளைகள் அங்கேதான் அதிகம். கற்பிப்பதே முதல் ஆசை என்றால், உங்கள் தேவை அங்கேதான் மிகுதி என்பேன்.

மூன்றாவது, 2022-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’, அதாவது தொழில்துறை அனுபவசாலிகளுக்கான பேராசிரியர் பணி. பதினைந்து ஆண்டு அனுபவம் போதும், பிஎச்.டி. தேவையில்லை என்பதால் பலரும் இதைத்தான் விரும்புகிறார்கள். நீட்டிப்போடு சேர்த்து மொத்தம் நான்கு ஆண்டுதான் இருக்க முடியும். ஒரு பிஎச்.டி. மாணவர் முடிக்கவே பெரும்பாலும் நான்கைந்து ஆண்டு ஆகிறது. யாரையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கூட இருந்து பார்க்க முடியாது. வடிவமைப்புப் பாடம் நடத்தவும் இறுதியாண்டு புராஜெக்ட்களைச் செதுக்கவும் அருமையான ஏற்பாடு. ஆராய்ச்சிக் குழு கட்ட உதவாது.

போனால் திரும்ப முடியாதே என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. வி.எம். காட்டகே இந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் இருந்தவர், 1942-இல் ஐ.ஐ.எஸ்சி.யில் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கியபோது கற்பிக்க வந்தார். பிறகு அதே கம்பெனிக்குத் திரும்பி ஹெச்.டி.-2 பயிற்சி விமானத்தை வடிவமைத்தார். 1951-இல் அது பறந்தது.

என் தேர்வு முதல் வழி. பிஎச்.டி. இல்லாதவர் வேலையை உடனே விட வேண்டாம், ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் வேலையில் இருந்தபடியே பதிவு செய்யலாம். தலைப்பில் மட்டும் கவனம் தேவை. கம்பெனியின் தரவை வெளியிட அனுமதி கிடைப்பது கடினம். நாசாவின் காமன் ரிசர்ச் மாடல் என்ற ஆய்வு மாதிரி விமானம் போல, வடிவமும் காற்றுச் சுரங்க அளவீடுகளும் பொதுவில் கிடைக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டால் ஆய்வேடு யாருடைய கையெழுத்துக்காகவும் காத்துக் கிடக்காது.