போர்ச்சுலகேரியாவா, கிராசுலாவா: இரண்டு ஜேட்களில் எதை வாங்குவது?

நர்சரியில் போய் ஜேட் செடி வேண்டும் என்று கேட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். நகத்தளவு இலையோடு செந்நிறத் தண்டு இருந்தால் அது போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. தடித்துப் பளபளக்கும் பெரிய இலை இருந்தால் கிராசுலா ஓவேட்டா. எங்கள் மொட்டைமாடிக்கு நான் எடுத்தது முதலாவதைத்தான். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன், காரணம் தண்ணீர் விஷயம்.

அடையாளத்தை முதலில் முடித்துவிடலாம். போர்ச்சுலகேரியாவின் இலை ஒன்றிரண்டு செ.மீ.தான். எதிரெதிராக ஜோடி சேர்ந்து வரும், கிளை மெலிந்து நாலாபுறமும் ஓடும். கிராசுலாவின் இலை 3 முதல் 9 செ.மீ. வரை நீளும், நல்ல வெயில் பட்டால் விளிம்பு சிவக்கும். இலையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் பரப்பு முழுக்க ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். அவை நீர்த்துளைகள், பூச்சி அரித்த தடம் இல்லை. இரண்டும் நெருங்கிய சொந்தமும் இல்லை. கிராசுலா நம்மூர் ரணகள்ளியின் குடும்பம். போர்ச்சுலகேரியாவை முன்பு பருப்புக்கீரை, டேபிள் ரோஸ் இருக்கும் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது அதை டிடியரேசியே என்ற குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் மற்றச் சொந்தங்களில் பெரும்பாலானவை மடகாஸ்கரில் முள்ளோடு நிற்கின்றன.

சொந்தம் இல்லாவிட்டாலும் ஊர் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் ஸன்டேஸ், கிரேட் ஃபிஷ் ஆறுகளின் பள்ளத்தாக்குகளை ஒட்டிய சரிவுகளில் ஆள் நுழைய முடியாத அடர்த்தியில் ஒரு புதர்க்காடு இருக்கிறது. கற்றாழை, கள்ளி, முட்செடி எல்லாம் பின்னிக் கிடக்கும் அந்தக் காட்டின் பல பகுதிகளில் பாதிக்கு மேல் போர்ச்சுலகேரியாதான். அங்கே அதற்கு ஸ்பெக்பூம் என்று பெயர். தொட்டியில் பார்த்துப் பழகியவர்களுக்கு நம்பக் கடினம், காட்டில் அது 2 முதல் 5 மீட்டர் உயரம் போகும். கிராசுலா அதே சரிவுகளில் பாறை இடுக்குகளையும் கல் நிறைந்த மேட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கும், உயரம் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள். மழை குறைவு, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. கடும் உறைபனி ஸ்பெக்பூமுக்கு ஆகாது. அதனால் குளிர்காற்று தேங்கும் பள்ளத்தாக்கின் அடித்தளத்தை விட்டுவிட்டுச் சரிவிலேயே நின்றுவிடுகிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும், கூடவே நீரையும் ஆவியாக இழக்கும். கிராசுலா மாதிரியான சதைப்பற்றுச் செடிகள் இரவில் திறந்து வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு அதைச் செலவழிக்கும். CAM (கிராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம்) என்ற இந்த முறைக்குப் பெயரே அதன் குடும்பத்திலிருந்து வந்ததுதான். சிக்கனமான ஏற்பாடு, ஆனால் இரவு குளிர்ந்தால்தான் நன்றாக ஓடும். சித்திரை, வைகாசியில் நம் சமவெளியில் நள்ளிரவிலும் சுவர் சூடு இறங்காது. அந்த மாதங்களில் கிராசுலா வளராமல் அப்படியே நின்றுவிடுகிறது. வளராத செடி தண்ணீரைக் குடிக்காது. நாம் வெயிலைப் பார்த்துப் பயந்து ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் தொட்டியிலேயே நிற்கும்.

போர்ச்சுலகேரியா இரண்டு வழியும் தெரிந்த செடி. மண்ணில் ஈரம் இருந்தால் சாதாரணச் செடிபோலப் பகலிலேயே வாயுவை எடுத்து வேகமாக வளரும். ஈரம் குறைந்தால் இரவுமுறைக்கு மாறும். வறட்சி மிகவும் முற்றினால் இரவிலும் பகலிலும் துளையை மூடிக்கொண்டு, தன் சுவாசத்தில் வெளிவரும் வாயுவையே திரும்பப் பயன்படுத்தி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு மழை பெய்தால் பழைய வேகம் வந்துவிடும். இதை நாக்கிலேயே சோதிக்கலாம். இலை தின்னத் தக்கது, கிழக்குக் கேப்பில் மனிதர்களும் தின்கிறார்கள். தண்ணீர் காட்டாமல் விட்ட செடியில் விடியற்காலையில் ஒரு இலையைக் கடித்தால் நல்ல புளிப்பு. இரவெல்லாம் சேர்த்த அமிலம் அது. அதே கிளையில் சாயங்காலம் இன்னொன்றைக் கடித்தால் சப்பென்று இருக்கும். (புதிதாக வாங்கிய செடியில் வேண்டாம், நர்சரியில் மருந்து அடித்திருப்பார்கள். கிராசுலாவில் எப்போதுமே வேண்டாம்.)

பராமரிப்பில் இதன் பொருள் என்ன? ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் போர்ச்சுலகேரியாவின் இலை சுருங்கும். திரும்பி வந்து ஊற்றினால் ஓரிரு நாளில் உப்பிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் நனைந்தால் கொஞ்சம் இலை மஞ்சளாகி உதிரும், தொட்டியின் வடிகால் சரியாக இருந்தால் செடி நிற்கும். கிராசுலா வறட்சியைத் தாங்குவதில் சளைத்ததில்லை, சொல்லப்போனால் இலையில் இருப்பு அதிகம். மழைதான் அதற்கு எமன். தண்டின் அடியை விரலால் அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கும், மேலே இலை அப்போதும் பளபளவென்றே இருக்கும். அறிகுறி தெரிகிறபோது காரியம் முடிந்திருக்கும். மொட்டைமாடியில் பந்தல் இல்லாதவர்களுக்கு இந்த ஒன்றே போதும் முடிவெடுக்க. மலையூர்களில் கிராசுலா செழிப்பாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வளர்த்த அனுபவம் எனக்குச் சமவெளியில்தான், அதை வைத்தே பேசுகிறேன்.

வெட்டுத் தாங்குவதிலும் எனக்குப் போர்ச்சுலகேரியாதான் பிடிக்கிறது. அதற்கான காரணம் யானையிடம் இருக்கிறது. கிழக்குக் கேப்பில் ஆடோ (Addo) யானைகள் தேசியப் பூங்கா 1931-ல் தொடங்கப்பட்டபோது அங்கே மிஞ்சியிருந்தவை 11 யானைகள். இன்று 600-க்கும் மேல், அவற்றுக்கு ஸ்பெக்பூம் முக்கிய உணவு. யானை மேலிருந்து ஒடித்துத் தின்னும். கீழ்க்கிளைகள் தரையில் பாவாடைபோலப் படர்ந்து, மண் பட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச்செடியாகும். கீழே விழும் துண்டுகளும் பிழைக்கும். ஆடு இதற்கு நேர்மாறு. 1838-ல் அந்நாட்டுக்கு வந்த அங்கோரா ஆடுகள் மொஹேர் ரோமத்துக்காகப் பெருகின. அவை கீழிருந்து மேலாக மேய்ந்து அந்தப் பாவாடையைத்தான் முதலில் காலிசெய்தன. மிஞ்சிய செடி குடைபோல் நின்றது, நிழலில்லாத மண் சுட்டது, சருகு சேரவில்லை, புதுச்செடி வரவில்லை. பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் அப்படிக் கெட்டது. ஆட்டை அப்புறப்படுத்தினாலும் ஸ்பெக்பூம் தானாகத் திரும்பாததால், 2004-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் முருங்கைப் போத்து நடுவதுபோலக் கிளைகளை வெட்டி நேரடியாக மண்ணில் ஊன்றுகிறார்கள். பிழைக்கும் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது.

தொட்டிக்காரருக்கு இதில் பாடம் நேரடியானது: நுனியை எவ்வளவு கிள்ளினாலும் கவலை இல்லை, ஆனால் தண்டை மொட்டையாக்கி அடிக்கிளை முழுவதையும் கழிக்க வேண்டாம். போன்சாய் செய்கிறவர்கள் இதை விரும்புவதும் இந்தக் கிள்ளலுக்குச் சளைக்காத குணத்தாலும் சின்ன இலையாலும்தான்.

காற்றைச் சுத்தமாக்கும், ஒரு செடி பல மரத்துக்குச் சமம் என்றெல்லாம் இணையத்தில் வருவதை நம்பி வாங்க வேண்டாம். காட்டில் பரந்த நிலப்பரப்பில் அதன் சருகும் மண்ணும் கார்பனைச் சேமிப்பது உண்மை. பால்கனித் தொட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கிராசுலா பக்கமும் நியாயம் உண்டு. குளிர்காலத்தில் பூக்கும் அதன் வெள்ளை, இளஞ்சிவப்பு நட்சத்திரப் பூக்கள் அழகானவை. போர்ச்சுலகேரியா காட்டில் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தேனீக்களைக் கூட்டும், தொட்டியில் பூப்பது அபூர்வம். ஒற்றை இலையை மண்மேல் வைத்தாலே கிராசுலா முளைக்கும். போர்ச்சுலகேரியாவில் கிளைதான் நம்பகம். கிராசுலாவின் அடிமரம் சீக்கிரம் பருத்து, சின்னச் செடியிலேயே வயதான தோற்றம் வரும். ஆனால் வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் யோசிக்க வேண்டும். கிராசுலாவைத் தின்றால் அவை வாந்தி எடுக்கும். போர்ச்சுலகேரியாவில் அந்தப் பயம் இல்லை.

கிராசுலாதான் வேண்டும் என்று மனம் நின்றுவிட்டால், பூச்சு இல்லாத மண்தொட்டி எடுங்கள். கலவையில் பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் தூளும் இருக்கட்டும், கோகோபீட்டைத் தவிர்த்துவிடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் மழை படாத வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். மாவுப்பூச்சி இலைக்கணுவில் ஒளியும், மாற்றும்போதே கணுக்கணுவாகப் பார்த்துவிடலாம். வாங்கும்போது தொட்டியைக் கையில் எடுத்ததும் இலையைப் பார்க்காமல் முதலில் அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கல்போல் இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.