தீபாவளி ஆஃபரில் டிவி வாங்கிய கதை: காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது இன்னொன்று

கடை பெயரையும் டிவி கம்பெனி பெயரையும் இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால்தான். பெயர் இல்லாமலே விஷயம் புரியும்.

எங்கள் வீட்டில் ஒரு 32 இன்ச் டிவி 11 வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த கையோடு, "ஸ்கோர் எழுத்து தெரியிற மாதிரி பெருசா ஒண்ணு வாங்குடா" என்றார். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. தீபாவளி வேறு நெருங்கிவிட்டது. சரி, இதை விட்டால் நேரம் கிடைக்காது என்று அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரையில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன்.

ஒன்றும் தெரியாமல் போய் ஏமாந்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது. நான் பத்து நாள் படித்துவிட்டுப் போனவன். ஓஎல்இடி என்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், க்யூஎல்இடி என்பது பின்னால் லைட் எரிகிற எல்சிடிதான், நடுவில் குவாண்டம் டாட் அடுக்கு ஒன்று கூடுதலாக இருக்கும், அதனால் நிறம் எடுப்பாகத் தெரியும் என்பதெல்லாம் அத்துப்படி. சோனி, சாம்சங், எல்ஜி மூன்றிலும் 55 இன்ச்சில் ஆளுக்கொரு மாடலைக் குறித்து வைத்திருந்தேன். 55,000 வரை போகலாம் என்று முடிவு.

ஷோரூமில் ஒரு சுவர் முழுக்க டிவி. நீலச் சட்டை போட்ட ஒரு பையன் வந்தான். அம்மாவுக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொண்டுவந்தான். நான் சோனி மாடலைக் கேட்டேன். காட்டினான். படம் மங்கலாக, தூசி படிந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வேறொரு கம்பெனி டிவி. அதில் மயில் தோகை விரிக்கிறது, ஆரஞ்சுப் பழம் வெட்டித் தண்ணீரில் விழுகிறது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

"எல்லாம் ஒரே பேனல்தான் சார். பேருக்குத்தான் காசு" என்றான் பையன்.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். பேனல் என்பது படம் தெரிகிற திரைப் பலகை. சோனிக்குச் சொந்தமாகப் பேனல் தொழிற்சாலை கிடையாது, வெளியேதான் வாங்குகிறது. சாம்சங்கின் பேனல் கம்பெனியான சாம்சங் டிஸ்ப்ளே 2022-லேயே எல்சிடி பேனல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இதெல்லாம் நானும் படித்ததுதான் என்பதால், "பரவாயில்லையே, விஷயம் தெரிந்த பையனாக இருக்கிறானே" என்று மண்டையை ஆட்டினேன். பேனல் ஒரே ஊரிலிருந்து வந்தாலும் பின்னால் இருக்கிற லைட், படத்தைச் சீர்செய்கிற சிப், சாஃப்ட்வேர் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே மில் அரிசி வாங்கினால் எல்லா வீட்டுப் பிரியாணியும் ஒன்றாகிவிடுமா? அந்த நேரத்தில் இது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பையன் கடை ஊழியரே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. டிவி கம்பெனி சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கிற ப்ரமோட்டர். அவன் பிராண்டில் எத்தனை டிவி விற்கிறதோ அதற்கேற்ப இன்சென்டிவ். அதில் தப்பில்லை, அது அவன் பிழைப்பு. கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லா பிராண்டுக்கும் பொதுவான ஆள் மாதிரி பேசியதைத்தான் சொல்கிறேன்.

அந்த மயில் டிவியின் விலை அட்டையில் எம்ஆர்பி 89,990 என்று போட்டு அடித்திருந்தார்கள். கடை விலை 41,990. "ஜிஎஸ்டில மட்டுமே பத்து பர்சென்ட் குறைஞ்சிருக்கு சார்." குறையாது. வரியோடு சேர்த்து 128 ரூபாய்க்கு விற்ற பொருள் 118-க்கு வரும், அதாவது எட்டு சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. 50,000 ரூபாய் டிவி 46,000 சொச்சத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி அவனை மடக்கியதில் எனக்கு ஒரு பெருமை வேறு. சின்ன விஷயத்தில் ஜெயித்த மிதப்பில் பெரிய விஷயத்தைக் கோட்டைவிட்டேன்.

வாங்குமுன் ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன். எங்களுக்கு மூன்று எச்டிஎம்ஐ சொருகும் இடம் வேண்டும்: செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, நெட்டில் வருகிற படங்களை டிவியில் பார்க்கத் தங்கச்சி வாங்கிக் கொடுத்த ஸ்டிக்குக்கு ஒன்று. டிவிக்குப் பின்னால் கையை விட்டு விரலால் தடவி எண்ணினேன். மூன்று இருந்தது. அம்மா அதற்குள் அப்பாவை அந்த டிவி முன்னால் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டது. அந்தப் போட்டோவை மறந்துவிடாதீர்கள்.

பழைய டிவிக்கு எக்ஸ்சேஞ்சில் 1,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். ஓடுகிற டிவியை எதற்குக் கொடுப்பது என்று அம்மா மறுத்துவிட்டது. கூடுதல் வாரண்டி என்று 3,499 வாங்கிக்கொண்டார்கள். பில்லில் '55 யுஎச்டி ஸ்மார்ட் டிவி' என்று மட்டும் இருந்தது. மாடல் நம்பர் இல்லை. நான் கவனிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். வாசலில் ஆட்டோ வழிமறித்து நிற்கிறது, பின்னால் ஹாரன். "சார், இங்க ஒரு கையெழுத்து." போட்டேன். அது டெலிவரி சலான். மாட்டுகிற ஆள் வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து. இலவச இன்ஸ்டாலேஷன் என்றார்கள், சுவர் ஸ்டாண்டுக்கு 700 ரூபாய் கையில் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி ஸ்டிக்கைச் சொருகலாம் என்று பின்னால் கையை விட்டால், விரலுக்கு இரண்டுதான் அகப்படுகிறது. மறுபடி தடவினேன். இரண்டுதான். மொபைலைச் சந்தில் நுழைத்து ஸ்டிக்கரைப் படம் எடுத்தேன். அப்புறம்தான் அம்மா எடுத்த போட்டோ ஞாபகம் வந்தது. அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் விலை அட்டை தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மாடல் நம்பர். எல்லா எழுத்தும் எண்ணும் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. கம்பெனி இணையதளத்தில் இரண்டையும் தேடினேன். கடையில் பார்த்தது குவாண்டம் டாட் உள்ளது, மூன்று எச்டிஎம்ஐ. வீட்டுக்கு வந்தது அந்த அடுக்கு இல்லாத சாதாரண எல்இடி, இரண்டு எச்டிஎம்ஐ.

மறுநாளே கடைக்குப் போனேன். மேனேஜர் பதறவே இல்லை. "சீரிஸ் மாறியிருக்கு சார், இது புது ஸ்டாக். அதே பேனல்தான்." மறுபடியும் பேனல்! நான் கையெழுத்துப் போட்ட சலானை எடுத்து நீட்டினார். அதில் பொடி எழுத்தில், வந்திறங்கிய டிவியின் மாடல் நம்பர் சரியாக இருந்தது. பில்லில் எழுதாததைச் சலானில் எழுதியிருக்கிறார்கள். வேண்டுமானால் 8,000 ரூபாய் கூடக் கொடுத்து 'நல்ல மாடலுக்கு' மாறிக்கொள்ளலாமாம்.

அவர் போன் பேசப் போன இடைவெளியில் அந்த டிவி சுவருக்குப் போனேன். மங்கலாகத் தெரிந்த சோனியின் ரிமோட் கீழே கிடந்தது. செட்டிங்கைத் திறந்தால், பவர் சேவிங் உச்சத்தில், பிரைட்னஸ் அடிமட்டத்தில். இரண்டையும் சாதாரணத்துக்கு மாற்றினேன். தூசி போன மாதிரி படம் பளிச்சென்று வந்தது. பக்கத்து மயில் டிவி அதற்குப் பக்கத்தில் ஐயனார் கோயில் குதிரைக்குப் புதுச்சாயம் அடித்த மாதிரி தெரிந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது ஷோரூம் மோடில். நிறமும் வெளிச்சமும் உச்சத்தில் இருக்கும், காட்டுகிற படமும் அதற்கென்றே எடுத்த 4கே படம். நம் வீட்டில் கேபிளில் வருகிற சாதா சேனலில் 576 வரிகள்தான். 4கே திரையில் 2160 வரிகள். மீதியை டிவியேதான் இட்டுக்கட்டி நிரப்ப வேண்டும். விலை குறைந்த டிவிகள் பல்லிளிப்பது அந்த இடத்தில்தான், அதைக் கடையில் யாரும் காட்ட மாட்டார்கள். பென்டிரைவில் ஒரு பழைய பாட்டையும் ஒரு கிரிக்கெட் கிளிப்பையும் கொண்டுபோய் எல்லா டிவியிலும் போடச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். கடையிலிருந்து வந்த பதில்: 'டெலிவரி சலானில் உள்ள மாடலே வழங்கப்பட்டது.' அங்கே ஒரு மாதம் இழுத்தது. அப்பா, "போதும்டா, படம் தெரியுதுல்ல" என்றார். நானும் கொஞ்சம் விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் டி20 உலகக் கோப்பை. ஒரு மேட்சில் பதினான்காவது ஓவரோ என்னவோ, படம் பட்டென்று அணைந்தது. வர்ணனை மட்டும் ஓடுகிறது. அடுத்த தெருவில் டிவி மெக்கானிக் ஒருவர், அப்பாவுக்குப் பழக்கம். வந்தவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. "தம்பி, லைட்டை அணைச்சிட்டு டார்ச்சைக் கண்ணாடிகிட்ட சாய்ச்சுப் பிடிங்க" என்றார். பிடித்தேன். டார்ச் வட்டத்துக்குள் மட்டும் புகை மாதிரி ஒரு பவுலர் ஓடிவந்தான்! படம் இருக்கிறது, பின்னால் லைட்தான் செத்துவிட்டது. எல்இடி பட்டைகள் சீரியல் செட் மாதிரி தொடராக இருக்குமாம், ஒன்று போனால் மொத்தமும் அணையும். செட்டிங்கைப் பற்றி விசாரித்தவர், மாட்டிய ஆள் வீட்டு மோடுக்கு மாற்றாமல் ஷோரூம் மோடிலேயே விட்டுப் போயிருப்பதைக் கண்டுபிடித்தார். நான்கு மாதமாக லைட் முழு வேகத்தில் எரிந்திருக்கிறது. "அந்தச் சூட்டுலயும் போயிருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார். அவர் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்பதால் கை வைக்கவில்லை.

கம்பெனி சர்வீஸில் சொல்லி இன்றோடு 26 நாள். "பார்ட்ஸ் வரலை சார்." 3,499 கொடுத்த கூடுதல் வாரண்டி முதல் வருடம் முடிந்த பிறகுதான் ஆரம்பமாகுமாம்.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி என்கிற அரசு இணையதளம் வழியாக மனுப் போட்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆதாரம் மூன்று: மாடல் நம்பர் இல்லாத பில், டிவியின் பின்பக்க ஸ்டிக்கர், அம்மா எடுத்த போட்டோ. தங்கச்சி அந்தப் போட்டோவை அழிக்காமல் வைத்திருந்தது.

தீபாவளி சமயத்தில் 55 இன்ச் வாங்கியவர்கள் பில்லையும் பின்பக்க ஸ்டிக்கரையும் கடைசி எழுத்து வரை ஒத்துப் பாருங்கள். இதே மாதிரி மாறியிருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க உதவும். அப்படியே செட்டிங்கில் ஷோரூம் மோடா, வீட்டு மோடா என்றும் பார்த்துவிடுங்கள்.

புது டிவி சுவரில் கறுப்பாகத் தொங்குகிறது. அதற்குக் கீழே ஸ்டூல் போட்டுப் பழைய 32 இன்ச்சை வைத்திருக்கிறோம். அப்பா நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.