லேசான டிஸ்க் ரோட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூர் பக்கம் ரோட் பைக் (சாலை சைக்கிள்) ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். ஷிமானோ கம்பெனியின் எம்டி900 என்ற பெயரில் போலி டிஸ்க் ரோட்டர்கள் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகடுகள்) புழங்குகின்றன. பெட்டி, ஸ்டிக்கர், பொறித்த எழுத்து எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். அதில் ஒரு ஜோடியை என் தலையில் கட்டிவிட்டார்கள். முகம் தெரியாதவரிடம் இணையத்தில் வாங்கியது அல்ல இது. வட கோலாலம்பூரில் உள்ள ஒரு சைக்கிள் கடையில், ரசீதோடு வாங்கினேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

விலை மற்ற கடைகளைவிடக் கொஞ்சம்தான் குறைவு. முன்சக்கரத்துக்கு 160 மில்லிமீட்டர் விட்டம், பின்சக்கரத்துக்கு 140. கவுண்டரில் இருந்த தம்பி 160-ஐத் தராசில் வைத்துக் காட்டினார். 94 கிராம். "கம்பெனி 108-னு போட்டிருக்கான் அண்ணே, இது அதைவிட லேசு. நல்ல பீஸ் வந்திருக்கு" என்றார். ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருப்பது சகஜம். 14 கிராம் குறைந்தால் உள்ளே ஏதோ இல்லை என்று அர்த்தம்.

இல்லாதது அலுமினியம். அசல் ரோட்டரில் பிரேக் பேட் (இருபுறமும் அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் கட்டை) பிடிக்கும் வளையம் மூன்று அடுக்கு: நடுவில் அலுமினியம், இருபுறமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நடு அடுக்கு சூட்டை இழுத்து, உள்பக்கம் இருக்கும் கறுப்புத் துடுப்புகளுக்குக் கடத்தும். அங்கே காற்றுப்பட்டு ஆறும். எனக்குக் கிடைத்தது ஒற்றை ஸ்டீல் தகடு. துடுப்பு மாதிரி இருந்ததெல்லாம் வெறும் அலங்காரம்.

சமதரையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் பழைய சாலையில் இறங்கும்போதுதான் வினை. வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டிய சாலை அது. முதலில் கிரீச் சத்தம், அப்புறம் பிரேக் லிவரில் விட்டுவிட்டு ஓர் உதைப்பு. அதற்கடுத்த வளைவில் லிவர் ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த்தான் நின்றேன். எதிரில் வண்டி வராததால் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால், ரோட்டர் நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, பேடுகள் இருக்கும் காலிப்பருக்குள் இடமும் வலமும் ஆடியது. வளைந்த தகடு பேடுகளையும் அவற்றை அழுத்தும் பிஸ்டன்களையும் பின்னால் தள்ளிவிடும். அதனால் அடுத்த முறை பிடிக்கும்போது லிவர் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது.

செந்தூலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனை அளந்தார். 1.6 மில்லிமீட்டர். புது ஷிமானோ ரோட்டர் 1.8 இருக்க வேண்டும், 1.5 வந்தால் மாற்றிவிட வேண்டும், அந்த எண் ரோட்டரிலேயே பொறித்திருக்கும். தேய்மானம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அதே கடையில் நண்பர் வாங்கி இன்னும் மாட்டாமல் வைத்திருந்ததையும் அளந்தோம். அதுவும் 1.6. பிறகு அண்ணன் அசல் ஒன்றை எடுத்து, இரண்டின் விளிம்பையும் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அசலில் இரண்டு ஸ்டீல் கோடுகளுக்கு நடுவே வேறு நிறத்தில் மெல்லிய கோடு ஓடுகிறது. போலியில் ஒரே சாம்பல் நிறம். கடையிலேயே பார்த்துவிடலாம், அரை நிமிட வேலை.

ரோட்டர்களைத் திருப்பிக் கொண்டுபோனேன். "ஓவரா பிரேக் பிடிச்சிருப்பீங்க" என்றார் முதலாளி. சுவரில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' பலகையைக் காட்டினார். அந்தப் பலகைக்கு மயங்காதீர்கள். விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அந்த உரிமையைப் பலகை எழுதிப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. போலிப் பொருள் என்பதால் உள்நாட்டு வாணிப அமைச்சிலும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

எடை குறைப்பதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ரோட்டர் சுற்றுவது சக்கரத்தின் நடுப்பக்கம். ரிம்மிலோ டயரிலோ குறையும் கிராம் அளவுக்கு இங்கே குறைவது காலுக்குத் தெரியாது. பாதி குடித்த தண்ணீர் பாட்டிலின் வித்தியாசம்கூட வராது. உடல் கனமானவர்கள், கெந்திங் போகிறவர்கள் முன்சக்கரத்தில் 160-ஐவிடக் குறைக்கவே வேண்டாம். மலிவான சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் போடவும் என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வட கோலாலம்பூரில் அண்மையில் எம்டி900 வாங்கியிருந்தால், அடுத்த இறக்கத்துக்கு முன்னால் அளந்து பாருங்கள். 1.6 வந்தால் கழற்றிவிட்டு, ரசீதையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். நடுவர் மன்ற விசாரணை நாள் இன்னும் வரவில்லை; உங்கள் ரோட்டரையும் சேர்த்தே காட்டலாம்.