சிங்கப்பூர், தாய்லாந்து, தமிழ்நாடு: 249 கிராம் ட்ரோன் எங்கே செல்லுபடியாகும்?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ட்ரோன் வாங்குகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "249 கிராம்தானே அண்ணே, பதிய வேண்டாமே?" என்பதுதான். விமான நிலையச் சுற்றுவட்டாரத்தை விட்டு விலகி, செம்பனைக்கு மேலே 400 அடிக்குள் பறக்கவிடும்வரை அந்தக் கேள்வி பெரிதாக உறுத்தாது. எல்லை தாண்டும்போதுதான் சிக்கல். நம்மவர்கள் அதிகம் போகும் மூன்று இடங்களிலும் அந்த 249க்கு வெவ்வேறு மதிப்பு.

சிங்கப்பூரில் எடைதான் கணக்கு. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கு 2020 பிப்ரவரியிலிருந்து பதிவு கட்டாயம். பதிகிறவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், பதிவு வில்லையை ட்ரோன் மேல் ஒட்ட வேண்டும். 2025 டிசம்பரிலிருந்து ரிமோட் ஐடி ஒலிபரப்பும் தேவை, அதாவது பறக்கும்போது ட்ரோன் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்க வேண்டும். பதியாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 249 கிராம் ட்ரோனான மினி 4 புரோ இதிலிருந்து தப்பிவிடும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 249 கிராம் சாதாரண பேட்டரிக்கு மட்டுமே உரியது. 'பிளஸ்' பேட்டரி மாட்டினாலோ, இறக்கைக் காப்பு பூட்டினாலோ 250 தாண்டிவிடும். சட்டம் பார்ப்பது பறக்கும்போது உள்ள மொத்த எடையை. எல்லாவற்றையும் பூட்டி, வீட்டுச் சமையல் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

எடையில் தப்பியவர்கள் பலர் உயரத்தில் மாட்டுவார்கள். அங்கே அனுமதியின்றிப் பறக்கும் எல்லை 200 அடி, அதாவது சுமார் 61 மீட்டர்; அதுவும் தரையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து. ரிமோட் திரையோ கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரத்தைத்தான் காட்டும். 163 மீட்டர் புக்கிட் தீமா உச்சியில் நிற்பவர் ட்ரோனைத் தரையிலேயே வைத்திருந்தாலும் அந்த அளவைத் தாண்டிவிட்டார். விமான நிலையங்களையும் ராணுவ விமானத் தளங்களையும் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி வேண்டும். இந்த இரண்டு விதியும் 249க்கும் பொருந்தும். சிங்கப்பூர் அரசின் ஒன்மேப் இணைய வரைபடத்தில் இடத்தைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தாய்லாந்தில் எடையைப் பேசிப் பயனில்லை. கேமரா இருந்தாலே பதிவு. விமானப் போக்குவரத்து ஆணையத்தில் ஒன்று, ரேடியோ அலைவரிசைக்காக ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையத்தில் இன்னொன்று. முதலாவதை மட்டும் முடித்துவிட்டு வேலை தீர்ந்தது என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். குறைந்தது 10 லட்சம் பாட் மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் வேண்டும். உயரம் 90 மீட்டருக்குள், விமான நிலையத்திலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி. இரண்டு நாள் ஹாட்யாய்ப் பயணத்துக்கு இத்தனையும் கட்டுப்படியாகுமா என்றால், ஆகாது என்பதே என் கணக்கு. ஒரு வாரம், பத்து நாள் தங்கிப் படம் எடுப்பவருக்குத்தான் சரி. கம்போடிய எல்லை மோதலின்போது, 2025 ஜூலை இறுதியில், நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை போட்டார்கள். ஆகவே கையில் பதிவு இருந்தாலும் புறப்படும் வாரத்தில் ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் விதியைப் பாதி படித்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை 'நானோ' வகை. ஓட்டுநர் சான்று தேவையில்லை. அது உண்மைதான், ஆனால் அது பறக்கவிடுவதற்கான சட்டம். உள்ளே கொண்டுவருவதற்கு வேறு சட்டம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியையே தடை செய்துவிட்டார்கள். ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தைப் படம் பிடிக்கப் போகிறவருக்கு அதில் இடமில்லை. தெரியாமல் கொண்டுபோய்விட்டால், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் சுங்கத்தைத் தாண்டி நழுவப் பார்க்காதீர்கள். சிவப்பு வழியில் போய் உள்ளதைச் சொல்லி, சுங்கச் சட்டம் 80ஆம் பிரிவின்படி திரும்பும்போது பெற்றுக்கொள்ள நிறுத்திவைக்கக் கேளுங்கள். உள்ளதைச் சொன்னவருக்குத்தான் அந்தப் பிரிவு உதவும். ரசீது பத்திரம். திருச்சியில் இறங்கிச் சென்னையில் ஏறுவதாக டிக்கெட் இருந்தால் பொருளைத் திரும்ப வாங்குவது தலைவலி. தமிழ்நாட்டுக்கு என் பரிந்துரை ஒன்றே: ட்ரோன் வீட்டில் இருக்கட்டும், உள்ளூரில் பதிவுள்ள ஒருவரை அமர்த்துங்கள்.

மினியா, 720 கிராம் ஏர் 3ஆ என்று யோசிப்பவருக்கு: காற்றைத் தாங்குவதில் ஏர் 3 மேல். ஆனால் சிங்கப்பூருக்கு அடிக்கடி போகிறவருக்கு மினியே லாபம். தாய்லாந்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

விமானத்தில் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் ஏற்றும் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவையில்லை. மினியின் சாதாரண பேட்டரி 19க்குள், ஏர் 3இன் பேட்டரி சுமார் 63. முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப்பையில் போடுங்கள். ட்ரோன் வாங்கிய பில்லையும் கூடவே வையுங்கள். திரும்பி வரும்போது நம் சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.